ராஜுலுவைத் தள்ளிப்போட்டேன்!

"தொபுக்கடீர்ர்ர்!"

சுக்கானைப் பிடித்திருந்த ஆல்வின் சட்டென்று நிமிர்ந்தான்.

கடலில் ஏதோ விழுந்திருக்கிறது. அதுவும்... கனமாக!

சனிக்கிழமை கொச்சியில் பாய் விரித்த படகு 'அம்மணி'. ஞாயிறு காலை பத்து மணிக்கு அடித்த காற்றில் அரபிக்கடலே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலையும் மருதமலை உயரம்!

போத்தனூரில் ரயில் பார்த்து வளர்ந்த ஆல்வினுக்கு, கேப்டனாக இதுதான் முதல் பயணம். படகில் மொத்தமே மூன்று பேர். கோவை கிரைண்டர் கம்பெனி முதலாளி வரதராஜுலு, அவர் மனைவி வரலட்சுமி, அப்புறம் அவன். மூன்று தலையும் கரை திரும்பாவிட்டால்... லைசென்ஸ் காலி!

விரிந்த பாய் முன்பக்கத்தை மறைத்தது. குனிந்து எட்டிப் பார்த்தான்.

வரலட்சுமி தனியாக நின்றிருந்தார். கையில் போன். ஸ்பீக்கரில் மகள்.

"ஹாரிகா கண்ணு... ராஜுலுவைத் தள்ளிப்போட்டேன்!"

"அப்பாடா! நெசமாவாம்மா?"

"படகு சாயவும் தானா உருண்டு வர, கால்ல ஒரு தட்டுத் தட்டிப்போட்டேன். ஒரே முழுக்கு! மேல வரவேயில்லை!"

"சனியன் தொலைஞ்சுது விடும்மா!"

மகளும் உடந்தையா!

ஆல்வின் சுக்கானைக் கட்டிவிட்டு முன்பக்கம் ஓடினான். கடைசியாக ஒரே ஒரு நம்பிக்கை...

"ஏனுங்கம்மா... தள்ளிப்போட்டேன்னா... ட்ரிப்பை அடுத்த வாரத்துக்குங்களா?"

"இல்லீங் தம்பி. கடல்லதான்!"

"ஐ... ஐயா எங்கீங்க?"

"காத்தாலருந்து சத்தமே இல்லீங். நிம்மதியா இருக்குது!"

கேபினுக்குப் பாய்ந்தான். படுக்கை காலி. தலையணை மேல் மூக்குக்கண்ணாடி மட்டும்!

திரும்பி ஓடிவந்து மிதவையைக் கடலில் வீசினான்.

"எதுக்குங் தம்பி டியூபைப் போடறீங்க? அதைப் பிடிச்செல்லாம் மேல வராது. வந்துச்சுன்னா மறுபடி நான்தான் அல்லாடோணும்!"

ஆல்வின் அபாய அழைப்புக்கு வயர்லெஸ் மைக்கைப் பிடுங்கினான்.

"மேடே! மேடே! ஆள் கடல்ல விழுந்துட்டாரு... இல்லீங்க, விழலை... தள்ளிப்போட்டாங்க!"

படகைத் திருப்பி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தம்மாவிடமிருந்து எட்டடி தூரத்திலேயே இருந்தான்!

இருபதாவது நிமிடம் கோஸ்ட் கார்டு படகு வந்து உரசியது. அதிகாரி தாவி ஏறினார். பாலக்காட்டுக்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"யாரும்மா தள்ளினது?"

"நான்தானுங்க!"

இத்தனை சுலபமான வாக்குமூலத்தை அவர் தன் சர்வீஸிலேயே கேட்டதில்லை.

"யாரை?"

"ராஜுலுவை."

"ராஜுலுங்கிறது உங்க புருஷன்தானே?"

வரலட்சுமியின் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"நல்லாயிருக்குதுங்களே நீங்க பேசறது! கட்டுனவரு பேரை நான் வாய்விட்டுச் சொல்லுவனா? நாப்பது வருசத்துல ஒரு நா சொன்னதில்லீங்!"

"அப்போ... அந்த ராஜுலு யாரு?"

படகின் முனையில் சுருட்டி வைத்திருந்த உபரிப் பாய்... அசைந்தது!

ஆல்வின் "ஏசப்பா!" என்று அலறினான்.

பாய்க்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை. பாதித் தூக்கத்தில் இரண்டு கண்கள். குமட்டல் மாத்திரையை முழுங்கிவிட்டு உள்ளே சுருண்டிருந்த வரதராஜுலு!

"அம்மணி... மாவு ஆட்டியாச்சா?"

"இனி எங்கீங்க ஆட்டறது? உங்க கம்பெனி 'ராஜுலு டீலக்ஸ்' அடியில மீனுக்கு மாவாட்டிட்டிருக்குது! கடல் காட்டறேன்னு கூட்டியாந்து, படகுலயும் கிரைண்டரை ஏத்தி அரிசி ஊறப்போட்டா, நான் என்னதான் பண்ணுவேன்? எனக்கு இந்த ரண்டு நாளு போதுமுங்க... ரண்டே நாளு மாவாட்டாம இருக்கோணும்!"

ஆல்வின் தலைகளை எண்ணினான். ஒன்று... இரண்டு... தன்னோடு மூன்று! லைசென்ஸ் தப்பித்தது!

அதிகாரி சிரிப்பை மீசைக்குள் ஒளித்தபடி நோட்டை மடக்கினார்.

"கிரைண்டரைக் கொன்னா தூக்கு இல்லை. கேஸ் க்ளோஸ்!"

வரதராஜுலு மனைவியை ஆசையாகப் பார்த்தார்.

"வெசனப்படாதே அம்மணி. கொச்சியில கார் டிக்கியில இன்னொரு ராஜுலு வெச்சிருக்கறேன். சாயங்காலம் கரைக்குப் போனதும் ஆட்டிக்கலாம்!"



வரலட்சுமி கணவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். எடை போடுகிற பார்வை. பிறகு, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்.

ஆல்வினின் கை தானாக மைக்கைத் தேடியது.

"ஏனுங்க ஆபீசர்..." வரலட்சுமி தேன் குரலில் சொன்னார். "அந்தக் கேசை இப்பவே மூடிப்போடாதீங்க. சாயங்காலம் வரைக்கும்... தள்ளிப்போடுங்க!"