பலகை இல்லாத மடை

திண்டிவனத்தில் ஏறிய பஸ் மரக்காணத்தில் இறக்கிவிட்டபோது பாஞ்சாலியின் கண்ணில் கடல் படவில்லை. உப்பு வாடைதான் முதலில் வந்தது. சுனாமிக்குப் பிறகு அவளும் புருசன் முருகையனும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடலைவிட்டுத் தள்ளி, காணை ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டியே காலம் போனது. இப்போது அவனுக்கு இடுப்பு விட்டுப்போச்சு. தெரிந்த வேலை என்று மிச்சமிருந்தது உப்பு ஒன்றுதான்.

அதே உப்பளம், அதே வாய்க்கால், அதே மடை. கடல்தண்ணீர் வாய்க்காலில் ஏறி மடை வழியாகப் பாத்திக்குள் பாயும். மடையை அடைக்கும் பலகையைத் தூக்கினால் பாயும், இறக்கினால் நிற்கும்.

காலையில் பலகையைத் தூக்கி வரப்பில் வைத்துவிட்டுப் போவாள். உச்சிவெயிலில் வந்து பார்த்தால் அதே பலகை மடையை அடைத்திருக்கும்.

தினமும்.

மேஸ்திரி கத்தினார். பக்கத்துப் பாத்தி இருதயமேரி, "முருகையண்ணன் தூக்கத்துல நடக்குறாரோ என்னமோ, கால கட்டிப் போடுக்கா" என்று சிரித்தாள். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையின் விளிம்பில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. சேற்றில் விரல் தடம்.

சின்ன விரல்கள்.

சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மகள் மலர்விழியும் அளத்துக்கு வந்திருந்தாள். புதிதாக அணைத்த வரப்பு. பெரியவர்கள் மிதித்தால் சரிந்துவிடும் என்று பிள்ளைகளைத்தான் மடைக்கு அனுப்புவார்கள். திடீரென வாய்க்கால் வற்றியது. பாத்தியில் கட்டியிருந்த தண்ணீர் திரும்பி ஓடியது. மடைதான் போச்சு என்று பாஞ்சாலி நினைத்தாள்.

"மலரு, ஓடிப்போயி பலகையப் போடு. நான் வர்ற வரைக்கும் புடிச்சிக்கினு நில்லு."

மலரு ஓடினாள். பிறகு கடல் வந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் சுனாமி ஒத்திகை என்று மைக் கட்டிய ஆட்டோ அளத்தோரம் வந்து நின்று விளக்கம் சொன்னது. கடலுக்கடியில் பாறைத்தட்டு ஒன்றின் கீழே ஒன்று நுழைந்து சிக்கிக் கிடக்கிறதாம். காலங்காலமாக அழுந்திய மேல்தட்டு ஒருநாள் பிய்த்துக்கொண்டு துள்ளுமாம். அதன்மேல் நிற்கிற கடல் முழுசும் எழும்பி நாலாபக்கமும் ஓடுமாம். ஆழத்தில் விமான வேகம், கண்ணுக்கே தெரியாது. கரைக்கு வர வர வேகம் குறைந்து உயரம் ஏறும். அலைக்கு முன்னாலோ, இரண்டு அலைக்கு நடுவிலோ கடல் உள்வாங்கும். உள்வாங்கினால் ஓடுங்கள்.

பாஞ்சாலி கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் அன்றைக்குத் தண்ணீர் மடை கெட்டு ஓடவில்லை. எங்கேயோ நிலம் துள்ளியதற்கு இங்கே கடல் பின்வாங்கியிருக்கிறது. எந்தப் பலகையாலும் நிறுத்த முடியாததை நிறுத்தப் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் பலகையை அரிவாளால் பிளந்து அடுப்பில் வைத்தாள். என்னக்கா பண்ற என்று ஓடிவந்த மேரியிடம், "அவளுக்கு இனிமே வேல இல்ல மேரி" என்றாள். முருகையன் அடுப்பருகில் வந்து நின்றான். எரிகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சிவெயில். காற்று இல்லை. காக்கா சத்தம்கூட இல்லை. வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. செத்த மீன் நாற்றம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

பாஞ்சாலி மடைக்கு நடந்தாள்.

வாய்க்கால் தளும்பிக்கொண்டிருந்தது.

பாத்தி காய்ந்து கிடந்தது.

நடுவே மடை வாய் திறந்திருந்தது. அதில் பலகை இல்லை. தண்ணீர் கண்ணாடிச் சுவர்போல அப்படியே நின்றது. அந்தச் சுவரில் இரண்டு பள்ளங்கள்.

இரண்டு சின்ன உள்ளங்கைகள்.

பாஞ்சாலி சேற்றில் மண்டியிட்டாள். "மலரு... அம்மா வந்துட்டேன்டி. வுட்டுடு. தண்ணி போனா போவட்டும்."

தண்ணீர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, காதோரம், மூச்சு வாங்குகிற குரல்.

"இரும்மா... இன்னும் தள்ளுது."

தண்ணீரில் பதிந்திருந்த விரல்கள் இன்னும் அகலமாக விரிந்தன.