நீலப் பட்டை போட்ட சுக்கான்

“நிறுத்துங்க… அது என் படகோட சுக்கான்.”

துளையிடும் மெஷின் நின்றது. மண்டியிட்டிருந்தவன் நிமிர்ந்தான். மூக்கு நுனி வரை வெள்ளைத் தூசி. அதற்கு நடுவே இரண்டு கண்கள்… மழைக்கு முந்தைய வானம் மாதிரி, எதையோ உள்ளே வைத்துக்கொண்டு சொல்லாத கண்கள்.

கண்ணை ரசிக்கிற நிலையில் அவள் இல்லை. அப்பா விட்டுப் போன பழைய பாய்மரப் படகு அது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஓட்டி, யாரும் கயிறு கட்டி இழுக்காமல் கரைக்குத் திரும்பினால் படகு அவளுக்கு. இல்லையென்றால் விற்றுவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அவளும் ரோஷத்தில் சரியென்று சொல்லிவிட்டாள். இப்போது சுக்கானில் ஓட்டை…

பைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்கிறவன் என்பதால் படகுப் பட்டறையில் அவனுக்குப் பைபர்காரன் என்று பெயர். பக்கத்துப் படகின் சுக்கானைப் பழுது பார்க்க வந்தானாம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாம். மாறிப்போய்விட்டதாம்.

“அது மொட்டை வெள்ளை. இதுல எங்கப்பா போட்ட இவ்வளவு பெரிய நீலப் பட்டை இருக்கு. கண்ணு தெரியலையா?”

அவன் காது மடலைச் சொறிந்தான். திருட்டு முழி முழிக்கிறான் என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

“நான் பல் டாக்டர். எந்தப் பல்லுன்னு கேட்காம மெஷினைத் தொடறதில்லை.”

“வலிக்கலைன்னா சொத்தை இல்லைன்னு விட்டுடுவீங்களா டாக்டர்?”

சொல்லிக்கொண்டே சுக்கானைச் சாய்த்தான். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. அழுகின வாடை… அந்த வாடை அவளுக்குப் புதிதல்ல. மேலே பளபளப்பு, உள்ளே அடைத்திருந்த ஃபோம் ஊறிக் கூழாகிக் கிடந்தது. ஒரு பெரிய அலை அடித்திருந்தால் முறிந்திருக்கும் என்றான். சனிக்கிழமைக்குள் தானே சும்மா சரிசெய்து தருவதாகவும் சொன்னான்.

அந்தச் ‘சும்மா’தான் அவளை உறுத்தியது. யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை அவள். வேலை பிடிக்க இங்கே நூறு கதை சொல்வார்கள் என்று பட்டறை வாட்ச்மேனிடமே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அண்ணன் அனுப்பின ஆளாக இவன் இருந்தால்…?

கிளினிக் முடிந்ததும் தினமும் வந்து, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அவன் கையையே பார்த்தாள். அவன் மேல்தோலை அறுத்தான், ஊறின ஃபோமைச் சுரண்டி எடுத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுக்கானைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சூடான விளக்கின் கீழ் தொங்கவிட்டான். நாளைக் கடத்துகிறான் என்று அவள் முணுமுணுத்தாள். ஈரத்தின் மேல் ரெசின் பசை ஒட்டாது என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

காய்ந்துவிட்டது என்று அவன் சொன்ன அன்று, அவள் கைப்பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். உள்ளே போகும் இரும்புத் தண்டுக்குப் பின்னால் காட்டினாள். ஒரு மூலையில் இன்னும் கறுத்த ஈரம்.

“எங்கே…” என்று அவன் குனிந்தான். பொட்டளவு கண்ணாடிக்குள் ஈரம் போய், அவன் கண் வந்தது. அவள் கண்ணும் வந்தது. இரண்டில் எது முதலில் விலகியது என்று யாருக்குத் தெரியும்… மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அந்த மயக்கமும் தெளிந்துவிட்டது. பட்டறை வாசலில் அண்ணனும் அவனும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கேட்டார் எங்கண்ணன்?”

“சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப எதுக்குச் சொல்லணும்?”

விருட்டென்று வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அவளுக்கு முன்பே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“உன் பைபர்காரனுக்கு ரொம்பத்தான் கொழுப்பு. இதைச் சரிபண்ண முடியாதுன்னு என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுடான்னேன். முடியும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நீ கடல்ல போய் விழுந்தா எனக்கு வேற தங்கச்சி ஏது?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணன் ஆள் இல்லை. அப்படியானால்… அவன் யார் ஆள்?

சனிக்கிழமை சாயங்காலம் சுக்கான் தயாராக நின்றது. அவள் விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டினாள். டக்… டக்… எங்கும் தொப்பென்ற சத்தமில்லை. பிறகுதான் பட்டையைப் பார்த்தாள். புதுப் பெயின்ட். ஆனால் அப்பாவின் கை நடுங்கின இடத்தில் அதே கோணல், அதே நெளிவு.

இவ்வளவு உற்றுப் பார்த்தவனுக்கா சுக்கான் மாறியிருக்கும்?

“பொய்தானே சொன்னீங்க? மாறலை.”

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

“மாறலை. உங்களோடதுன்னு தெரிஞ்சுதான் கழட்டினேன். வெடிப்பு இருக்கு, தட்டினா தொப்புங்குதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பினேன். வேலை பிடிக்கக் கதை விடறான்னீங்களாம்.”

“அப்ப நான் சந்தேகப்பட்டது சரி.”

“சரிதான்… காரணம்தான் வேற.” அவன் குரல் இறங்கியது. “தினம் ஒருத்தங்க வந்து, படகோட பேசிக்கிட்டே பாய் மடிச்சு வெச்சுட்டுப் போவாங்க. அவங்க தனியாக் கடலுக்குப் போறாங்கன்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை.”

தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது.

“கேட்காம அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிறது தப்பு,” என்றாள்.

“தப்புதான்.”

“உங்களை நம்ப முடியாது. நாளைக்கு நீங்களும் படகுல வர்றீங்க. என் கண்ணு முன்னாடியே இருக்கணும்.”

“நாளைக்கு மட்டுமா…?”

அவள் குனிந்து நீலப் பட்டை மேல் தூசியை ஊதினாள். அதில் தூசியே இல்லை.

“சாப்பாடு இறங்கலைன்னீங்களே…” என்றாள், சுக்கானைப் பார்த்துக்கொண்டே. “எனக்கும்தான்.”