மேல்பக்கத் துளைகள்

காலை ஒன்பது மணி. கடைசிக் காட்சியின் உறையைப் பிரித்த இயக்குநர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வரைந்த படங்கள் இல்லை, வெறும் வெள்ளைத் தாள்கள்.

குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன் சாகும் காட்சி அது. போரைப் பற்றிய, கையால் வரைந்த அந்த அனிமே தொடரையே அவள் அதற்காகத்தான் எடுத்தாள். அந்தச் சிறுவன் அவள் தம்பி. அவனுக்கு ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை, நினைவிலிருந்தே வரைந்திருந்தாள். அவனுடைய இடது காது சற்று மடங்கியிருக்கும். அதைத் திருத்தத்தான் உறையை எடுத்தாள். ஒளிபரப்புக்கு இன்னும் இரண்டே நாள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். "பேப்பர் காணோம்னு போற முதல் போலீஸ் நீங்கதான் மேடம்" என்று ஸ்டேஷனில் ஒருவன் இளித்தது அவள் காதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உறையைத் திறந்து பார்த்தாள். எல்லாத் தாளிலும் ஓர் ஓரத்தில் மூன்று துளைகள். அந்த ஓரம் உறைக்குள் மேல்பக்கமாக இருந்தது.

"இந்த உறை இருந்த அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"இயக்குநர், தலைமை ஓவியர், நான். மூணே பேர்," என்றார் ஸ்டூடியோ முதலாளி. "என்னைச் சந்தேகப்படாதீங்க. இதே ஸ்கேன் ரூம்ல கூலிக்குச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் நின்ன கால் இது."

"இப்ப ஸ்கேன் பண்றவர்?"

"கால் ஒடிஞ்சு ஒரு வாரமா ஆஸ்பத்திரியில. அதான் இது இன்னும் ஸ்கேன் ஆகல, வேற காப்பி கிடையாது."

"படம் கிடைக்கலைன்னா?"

"பையன் தப்பிச்சு ஓடற மாதிரி பழைய முடிவு ஒண்ணு இருக்கு. சேனல்காரங்களும் அதைத்தான் கேட்டாங்க."

அந்தப் பழைய முடிவை வரைந்தவர் தலைமை ஓவியர். "ஆமா, எனக்கும் இயக்குநருக்கும் அதுல பெரிய சண்டை. ஊருக்கே தெரியும்," என்றார், தலை நிமிராமல் வரைந்தபடி. தாளின் துளைகள் மேசையின் கீழ்விளிம்பிலிருந்த முளைகளில் மாட்டியிருந்தன.

"துளை எப்பவும் கீழதானா?"

"கீழ மாட்டினாத்தான் மேல் நுனியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைய முடியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எங்க கை அப்படித்தான் வைக்கும்."

இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்த மற்ற உறைகளையும் பிரித்தாள். எல்லாவற்றிலும் துளைகள் கீழே. பிறகு ஸ்கேன் அறைக்குப் போனாள். இயந்திரத்தில் முளைகள் மேல்விளிம்பில் இருந்தன. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

மூவரையும் கூப்பிட்டாள். "வரையறவங்க துளையைக் கீழ வைப்பாங்க. ஸ்கேன் பண்றவங்க மேல வைப்பாங்க. வெள்ளைத் தாளை அடுக்கின கை ஸ்கேன் ரூம்ல பழகின கை. அந்த ஆளு ஆஸ்பத்திரியில. சாவி இருக்கிற மூணு பேர்ல ஸ்கேனர் முன்னாடி நின்னது யாருன்னு நான் கேட்கவேயில்ல. நீங்களே சொன்னீங்க, முதலாளி சார்." நுணலும் தன் வாயால் கெடும்.

முதலாளியின் முகம் செத்துவிட்டது. "சின்னப் பையன் சாகறதை யாருங்க பார்ப்பாங்க? கிழிச்சுப் போட்டுட்டேன். பேப்பர்தானே, மறுபடி வரைஞ்சா போச்சு."

"வரைஞ்சா போச்சா?" இயக்குநர் கத்தினாள். "அவன் செத்ததை நேர்ல பார்த்தேன். ஒவ்வொரு தாள்லயும் பார்த்தேன். இப்ப முதல்லேர்ந்து பார்க்கணும். பார்க்கறேன்யா! உன்னால ஒரு தடவைகூடப் பார்க்க முடியலல்ல?"

இன்ஸ்பெக்டர் முதலாளியை ஜீப்பில் ஏற்றினாள். மரியாதையாக ஏற்றவில்லை.

உள்ளே தலைமை ஓவியர் தன் நாற்காலியை இயக்குநரின் மேசைக்கு இழுத்துவந்தார். "இடிஞ்ச சுவரையெல்லாம் நான் போடறேன். தம்பியை நீங்க போடுங்க."

அவள் ஒரு தாளை எடுத்து, துளைகளைக் கீழே மாட்டி, இடது காதிலிருந்து தொடங்கினாள்.