பட்டாணியின் ஈறுக்குள்ளே

பட்டாணிக்கு ஒன்பது வயது. வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் வாய் மட்டும் ரொம்ப நீளம். அப்படிப்பட்டவள் இன்று பல் டாக்டரின் அறைக்கு வெளியே உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழ்வரிசையில் இடது ஓரம் ஈறு வீங்கியிருந்தது. தேய்த்தால் ரத்தம் வந்தது. உடனே மகாராணி என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டாள். தொடாமல் இருந்தால் தானே ஆறிவிடுமாம்! ஆறவில்லை. வீக்கம்தான் கூடியது.

"அம்மா, பல்லைப் பிடுங்கிடுவாங்களா?"

"உள்ள போனாத்தானே தெரியும். கொஞ்சம் சாஞ்சுக்கோ."

அம்மா பேருந்து ஓட்டுபவர். காலை வேலையை முடித்துவிட்டு அதே சீருடையோடு வந்திருந்தார். பட்டாணி அவர் தோளில் சாய்ந்தாள். எதிரே கண்ணாடித் தொட்டியில் மீன்கள் மெல்ல மெல்ல நீந்தின. அவளுக்குக் கண் சொருகியது.

எங்கேயோ ஒரு தெருவில் நின்றாள். தரை மெத்தென்று, கதகதவென்று இருந்தது. சுவர்கள் சிவந்து உப்பியிருந்தன. சுவர் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து கணுக்கால் வரை நின்றது. அதே இடுக்குகள் வழியாக வெள்ளை உடுப்புக் காவலர்கள் நெளிந்து நெளிந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

"இது எந்த இடம்?"

"உன் ஈறுதான் பாப்பா," என்றார் ஒரு குண்டுக் காவலர். "ஓரமா நில்லு, மிதிச்சிடப் போறாங்க."

"ஏன் இவ்வளவு கூட்டம்?"

"ஆபத்து வாசனை வருதே! அது வந்தா போதும், ரத்தக் குழாய் அகலமாகும், சுவர் வழி விடும், நாங்க ஓடி வருவோம். கூப்பிட்டா வரணும்ல?"

தெருக்கோடியில் ஒரு பல் மலைபோல நின்றது. அதன் அடியில் பிசுபிசுவென்று மஞ்சள் குப்பை. அதற்குள் கிருமிகள் நெளிந்தன. காவலர்கள் சீசா சீசாவாகத் திராவகத்தை வீசினார்கள். பாதி குப்பைமேல் விழுந்தது. மீதி சுவர்மேல் விழுந்து சுவரையே கரைத்தது.

"ஐயையோ! நம்ம சுவர் கரையுதே!"

"தெரியுதும்மா." காவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திராவகத்துக்கு எதிரி யாரு, வீடு எதுன்னு தெரியுமா? இப்போ ஈறு மட்டும்தான். இப்படியே போனா, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையும் ஒருநாள் அரிச்சிடும்."

"அப்போ நிறுத்துங்க! வீட்டுக்குப் போங்க!"

"குப்பை இருக்கிற வரைக்கும் வாசனை நிக்காதே. எங்களால இதைப் பேர்க்கவும் முடியல. முன்னாடியெல்லாம் ஒரு நீல பிரஷ் வந்து சுத்தமா பெருக்கிட்டுப் போகும். இப்போ அதை இந்தப் பக்கமே காணோம்."

பட்டாணிக்குச் சுருக்கென்றது. "ரத்தம் வந்துச்சு... பயந்துட்டேன்."

"குழாயெல்லாம் உப்பி மெலிசாயிடுச்சு. தொட்டாலே கசியும். மெதுவா தேய்ச்சா ஒண்ணும் ஆகாது." பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. பட்டாணிக்குப் பாவமாக இருந்தது.

"எழுந்திரு, கூப்பிடறாங்க!" அம்மா உலுக்கினார்.

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் தேய்க்கிறியா?"

'தினமும் தேய்க்கிறேன்' என்ற பொய் தயாராக இருந்தது. பட்டாணி அந்தக் காவலரின் களைத்த முகத்தை நினைத்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டர், விட்டுட்டேன். பாவம், உள்ள எல்லாரும் களைச்சுப் போயிட்டாங்க. திராவகம் பாதி நம்ம சுவர்மேலயே விழுது."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"அவங்களேதான்!"

டாக்டர் சிரித்துவிட்டார். பல்லைப் பிடுங்கவில்லை. பல்லடியில் கட்டிக் கிடந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார். "இனிமே உன் கையிலதான் இருக்கு. முதல்ல ரத்தம் வரும். அதுக்காக நிறுத்தக் கூடாது. முடியுமா?"

"ம்," என்றாள் பட்டாணி.

சொல்வது சுலபம். மறுநாள் காலை துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. பிரஷைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தேய்த்தாள்.

நாளாக ஆக நுரையில் சிவப்பு வெளுத்தது. ஒரு நாள் காலை வெள்ளை வெளேரென்று விழுந்தது. நாக்கால் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, வலி இல்லை.

அம்மா கதவைத் தட்டினார். "எவ்வளவு நேரம்டி? நான் பஸ் எடுக்கணும்! உள்ள யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"ஒரே நிமிஷம்மா!" வாய் நிறைய நுரையோடு கத்தினாள் பட்டாணி. "கடைசிக் காவலரும் கிளம்பிட்டாரு. வழியனுப்பிட்டு வந்துடறேன்!"