துணை வண்ணம்

சத்திரம் பேருந்து நிலையம் வரை மகளை அழைத்துக்கொண்டு போய், ஒரு டம்ளர் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அன்றைய ஒத்திகை அவ்வளவுதான். தாரகையின் நெஞ்சில் மூச்சுப்பட்டையை ஒட்டினேன். என் மணிக்கட்டில் நாடிப்பட்டையைக் கட்டிக்கொண்டேன். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டு பச்சையாக மின்னின.

பங்குனி பிறந்துவிட்டால் திருச்சியில் வெளியே போவதே ஒரு காரியம். காவிரியில் தண்ணீர் ஓடிய காலத்தில் எப்படி இருந்ததோ தெரியாது. இப்போது அதன் மணல் எழுந்து ஊருக்குள் வருகிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்களே முகவடிகட்டி இல்லாமல் வாசலுக்கு வருவதில்லை. என் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங்.

மின்பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் எங்கள் பட்டைகளைப் பார்த்துவிட்டாள்.

"ஒத்திகையா? எந்த ஊருக்கும்மா?"

"தென்னிலம்."

"பனி ஊரா! அங்க யாரு?"

"என் தம்பி. இவளுக்குத் தாய்மாமன். அவன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும்."

"அவர் இங்க வரப்படாதா?"

தம்பி குமணனால் வர முடியாது. அண்டார்டிகாவில் பனி உருகிக் கரை தெரிந்த இடத்தில் ஊர் கட்டப் போனவர்கள், ஒப்பந்தம் முடிகிறவரை அங்கேதான். நான் தூக்கி வளர்த்த தம்பியைத் தொட்டுப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. தாரகையை அவன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறான். அவளுக்கு வாங்கிய கம்மல் அவன் பெட்டியிலேயே கிடக்கிறது. மூன்று வயதில் குத்த நினைத்தோம், ஐந்தில் நினைத்தோம். இப்போது ஏழும் முடியப் போகிறது.

இத்தனை நாள் தடுத்தது பயணக் காப்பீடுதான். சுருக்கமாகக் காப்பு என்பார்கள். காப்பு இல்லாத உடம்புக்கு விமான நிலையக் கதவு திறக்காது. வெளியூர் ஆஸ்பத்திரியும் திறக்காது. முன்நோய் உள்ள குழந்தை என்றால் காப்பு நிறுவனங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் தள்ளிவிடும். போன வருடம்தான் புதுச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட குழந்தைக்கும் காப்பு உண்டு, ஆனால் குழந்தைக்குத் தனியாகக் கிடையாது. குழந்தையும் துணைக்குப் போகிறவரும் சேர்ந்த ஜோடிக்கு. அப்பா, அம்மா இருவரும் தனித்தனியாக ஒத்திகை பார்க்க வேண்டும். யாரோடு இருக்கும்போது குழந்தையின் பட்டை பச்சையாக நிற்கிறதோ, அவர்தான் துணை.

இதில் ஒத்திகை எதற்கு என்றுதான் நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் அறவாழிக்கு மகளின் மருந்துப் பெயர்கூடத் தெரியாது. "அந்த நீல டப்பா" என்பார். நெபுலைசரில் எந்தப் பக்கம் மருந்து ஊற்றுவது என்று இன்னும் கேட்கிற மனிதர். அவரோடு எனக்குப் போட்டியா?

கரும்புச் சாறு கடை வாசலில் தாரகை ஒரு தடவை இருமினாள். இருமுவதற்கு முன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பட்டை மஞ்சளாகிவிட்டது.

இருவரின் ஒத்திகைகளும் முடிந்தபின், காப்பு அலுவலகத்தில் பிலோமினா என்ற அதிகாரி எங்கள் மூவரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னாள். தாரகைக்குத் தென்னிலம் போகக் காப்பு உண்டு. துணை, அறவாழி.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு. திரும்பப் பாருங்க" என்றேன்.

"பாத்தாச்சும்மா. அவரோட இருக்கும்போது முழுக்கப் பச்சை. உங்களோட பாதிக்கு மேல மஞ்சள், ரெண்டு தடவை சிவப்பு." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "பொண்ணு மூச்சு லேசா தடுமாறினா உடனே உங்க முகத்தைப் பாக்குறா. உங்க நாடி எகிறுது. அதைப் பாத்துட்டுத்தான் அவளுக்கு இழுக்கவே ஆரம்பிக்குது. தூசு பாதி, நீங்க பாதி."

"ஏழு வருஷமா ராத்திரி தூங்காம நெபுலைசர் வெச்சது நான். வேலையை விட்டது நான்."

"அதனாலதாம்மா."

அப்படிச் சொன்னவளை என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது. "சரி, அவர் துணையா போகட்டும். நான் சும்மா கூடப் போறேன், தனி டிக்கெட்டுல" என்றேன். அதுவும் கூடாதாம். அம்மா கண்ணுக்குத் தெரிந்தால் குழந்தை அம்மாவைத்தான் பார்க்குமாம். அந்த நிமிஷமே அப்பாவின் பச்சை செல்லாதாம். குழந்தை வெளியூரில் இருக்கும்வரை அந்த ஊருக்கே நான் போகக் கூடாது.

அறவாழி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் குமணன் திரையில் வந்துவிட்டான். "மாமா, கம்பளி கொண்டு வராதீங்க, இங்க எல்லாம் இருக்கு! என்ன சாப்புடுவீங்க, சொல்லுங்க!" என் தம்பி. என் தம்பி வீட்டு விருந்து. என் பெண்ணின் காதுகுத்து. எல்லாம் அவருக்கு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

மறுநாள் மாலை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனபோது, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னதான் மாயம் செய்கிறார் என்று பார்க்க வேண்டாமா? பேருந்து நிலையத் தூணுக்குப் பின்னால் நின்றேன். இருவரும் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஐஸ்! நான் ஃப்ரிட்ஜ் தண்ணீரே கொடுப்பதில்லை. தாரகை இருமினாள். என் கால் தானாக முன்னால் போனது. அவரோ அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆபீஸ் ரோபோவின் சட்டைக்குள் பல்லி புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அப்புறம்ப்பா?" என்றாள் அவள். இருமல் நின்றுவிட்டது.

அன்று இரவு பாத்திரங்களைச் சத்தத்தோடு கழுவி அடுக்கினேன்.

"சுடர், கோவமா?" என்றார் அறவாழி.

"எனக்கென்ன கோவம். ஒண்ணும் தெரியாம இருக்குறதுக்கெல்லாம் பரிசு குடுக்குறாங்க. வாங்கிக்குங்க."

"எனக்கும் பயம்தான். எனக்கு மூஞ்சியில தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியாதுன்னுதானே சொல்றேன்."

"வேணும்னா மறுஒத்திகை கேளு. நீ ஜெயிச்சா நீயே போயிட்டு வா. நான் இங்க ரசம் வெச்சுக் குடிச்சுக்கிறேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுஒத்திகை கேட்டேன். ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்தார்கள். அதற்குள் கண்ணாடி முன் நின்று முகத்தைப் பழக்கினேன். புருவம் ஏறாமல், உதடு இறுகாமல், நாடி எகிறாமல். இருமல் ஒலியைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அது கேட்கும்போதெல்லாம் சிரிக்கப் பழகினேன். தாரகை கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுஒத்திகையில் முக்கொம்புப் பூங்காவைச் சுற்றி நடந்து, கடைசியில் உள்ள கம்பத்தைத் தொட வேண்டும். காற்றில் மணல் இருந்தது. தொடக்கத்திலிருந்தே இரண்டு பட்டையும் பச்சை. ஊஞ்சல் பக்கம் பச்சை. வறண்ட மதகுப் பக்கம் பச்சை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குமணன் வாசலில் நான் இறங்குவதையும், இங்கே ஒருவர் ரசத்தைத் தானே வைத்துக் குடிப்பதையும் மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

தாரகை பேசாமலே வந்தாள். அவள் பேசாமல் வருகிற பெண்ணில்லை. குனிந்து பார்த்தேன். தொண்டைக் குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கு விடைத்திருந்தது. உதட்டில் நிறமில்லை. பட்டை மட்டும் பச்சை.

"என்னடி பண்ற?"

அவள் துண்டு துண்டாகப் பேசினாள். "கொஞ்சம்... கொஞ்சமா... மூச்சு விடறேன். அப்ப... பட்டைக்குத் தெரியாது."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"நானே... கண்டுபிடிச்சேன். நீ பாஸ்... ஆகணும்ல."

கம்பம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தால் பதிவாகிவிடும், எல்லாம் முடிந்தது. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். அவள் கையைப் பிடித்தபடி ஓர் அடி முன்னால் வைத்தேன். பிறகு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மறைத்து வைத்த இழுப்பெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. இரண்டு பட்டையும் சிவப்பாக எரிந்தன.

"நான்தான் கெடுத்துட்டேனா?" என்று அழுதாள். இல்லை என்று சொன்னேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவளுக்கு இழுப்பு கூடியது. அதைப் பார்த்தபின்தான் பிலோமினா சொன்னது எனக்கு உண்மையாகவே புரிந்தது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

பெட்டி கட்டிக் கொடுத்தது நான்தான். பயணத்தன்று விமான நிலையத்தில் நாடிப்பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். துணையாக இல்லாதவருக்கு அது எதற்கு? அறவாழியும் தாரகையும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். அவள் தலையில் நான் வைத்துவிட்ட மல்லிகை. வழியனுப்ப வந்தவர்களுக்கான கோட்டுக்குப் பின்னால் நான்.

கதவு திறக்கவில்லை. தாரகை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணாடி முன் பழகிய அதே சிரிப்பு. அவளை ஏமாற்ற அது போதவில்லை. அவள் நெஞ்சில் மஞ்சள் எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அறவாழி என்னைப் பார்த்தார்.

"அம்மா" என்றாள் தாரகை. "கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா."

திரும்பிக்கொண்டேன். எதிரே வெள்ளைச் சுவர்.

"சுடர், அந்த நீல டப்பா எங்க இருக்கு?" என்றார் அவர்.

"உங்க இடது பையில. அது பேரு சால்பூட்டமால்" என்றேன் சுவரிடம். என் நாடி என்ன வண்ணத்தில் ஓடியது என்று சொல்ல இப்போது கையில் பட்டை இல்லை. அவர் மீது எனக்குப் பொறாமை அப்போதும் தீரவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் என் தம்பியின் முகத்தை நேரில் பார்க்கப் போகிறார். அவன் மடியில் என் பெண் அழும்போது பக்கத்தில் இருக்கப் போகிறார். பல்லிக் கதை சொல்லி அழுகையை நிறுத்தவும் போகிறார்.

பின்னால் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"டாட்டாம்மா!" என்றாள். முழு மூச்சில் வந்த குரல், எங்கும் தடுக்கவில்லை.

நான் சுவரைப் பார்த்துக் கையாட்டினேன்.