ஒரு கை தூரம்

செவ்வாய்க் கோளின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் பிணத்தைத் தொட்டு அழும் வழக்கம் இல்லை. பார்ப்பதைப் பதிவுசெய்யக் கண்ணுக்குள் பொருத்திய விழிச்சில்லு, ஒரு கை தூரத்துக்குள் வருவதைத் தெளிவாகப் பதியாது. கண்ணீர் வந்தால் காட்சி கலங்கிவிடும். எனவே ஞானதுரையின் உடலைச் சுற்றி உறவினர்கள் சற்றுத் தள்ளி, அசையாமல், உலர்ந்த கண்களோடு நின்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பதிவை ஓடவிட்டு அழுதுகொள்வார்கள்.

சிறு பிள்ளைகளுக்குச் சில்லு பொருத்துவதில்லை. ஞானதுரையின் மகன் ஈனோக்குக்கு வயது நான்கு. அவன் ஓடிப் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். ஞானதுரையின் இரண்டாம் மனைவி செல்வஜோதி அவனை இழுத்துச் சேலைக்குள் அணைத்தாள். எதிரே நின்ற அவன் அக்கா பியூலாவின் பதிவில் விழுந்தது அவன் முதுகு மட்டும்.

அவர்களைப் பெற்றவள் ஈனோக்கின் பிரசவத்தில் இறந்துபோனாள். செல்வஜோதி வரும்வரை அவனை இடுப்பிலேயே வைத்திருந்தவள் பியூலா. பிறகு பனி உருக்கும் ஆலையில் வேலை கிடைத்து ஒன்பதாம் குமிழிக்குப் போனாள். அப்பா போன பிறகு ஒருமுறை தம்பியைப் பார்க்க வந்தாள். அன்று முழுக்க அவன் மடியை விட்டு இறங்காததால் முகம் ஒன்றும் தெளிவாகப் பதியவில்லை. அதன்பின் செல்வஜோதி அனுமதிக்கவில்லை.

"ஒரு மணி நேரம் போதும் சித்தி."

"நீ வந்துட்டுப் போனா அவன் சாப்பிட மாட்டேங்கான். அக்கா, அக்கான்னு கதவையே பாத்துக்கிட்டு இருக்கான். அந்த அழுகையை நீயா பாக்க?"

"அவன் என் தம்பி சித்தி."

"எனக்கு மகன். பெக்கலன்னு சொல்லிக் காட்டுறியோ?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாட்டா என்ன, எனக்குக் கேக்கத்தான் செய்யுது."

ஒவ்வொரு வாரமும் குரல் அழைப்பில் இதே பேச்சு. பேச்சு முடிந்ததும் பியூலா அந்த முதுகை ஓடவிட்டுப் பார்ப்பாள். நீலச் சட்டை, பிடரியில் சுழி. முகம் எப்படி மாறியிருக்கும் என்று கணிக்க முயல்வாள். முடியாது.

ஒன்றரை வருடம் கழித்துச் செல்வஜோதியே அழைத்தாள்.

"உன்னையே கேக்கான். எனக்குத் தாங்கல. வா. ஒரு மணி நேரம். நீ போன பிறகு ஒழுங்கா சாப்பிட்டான்னா மாசாமாசம் வா. இல்லன்னா இதுதான் கடைசி, பாத்துக்கோ."

பியூலா சில்லின் நினைவகத்தைக் காலி செய்துகொண்டு ரயில் ஏறினாள். பழைய பதிவுகள் எல்லாம் போயின. கடைசியாக இருந்தால், இந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் வாழவேண்டும்.

கதவு திறந்ததும் ஈனோக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுடா செல்லம். ஒரு நிமிஷம்."

நின்றான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"சிரி பாப்போம். பல்லைக் காட்டு. இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினான். தான் வளர்க்கும் பாசியைக் குப்பியோடு கொண்டுவந்து அவள் மூக்கருகே நீட்டினான்.

"வாசனை பாருக்கா."

"தள்ளிப் பிடி. அக்காவுக்குத் தெரியணும்ல."

தள்ளிப் பிடித்தான். மடியில் ஏற வந்தபோது இருமுறை மெதுவாக எடுத்து எதிரே உட்காரவைத்தாள். பாடச் சொன்னாள். ஓடச் சொன்னாள். ஓடி வந்த காட்சி நிழலில் சரியாகப் பதியாததால் மறுபடி ஓடச் சொன்னாள். மூன்றாம் முறை அவன் நடந்து வந்தான்.

வாசலில் நின்ற செல்வஜோதிக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையை ஒருதரம் தூக்கேன் பியூலா."

"தூக்கினா கண்ணு கலங்கிடும் சித்தி. அப்புறம் ஒண்ணும் தேறாது."

நேரம் முடிந்தது. ஈனோக் அழாமல் கையசைத்தான். அதுவும் தெளிவாகப் பதிந்தது.

மறுவாரம் செல்வஜோதி அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"நல்லா சாப்பிடுறான். கதவுப் பக்கம் பாக்கவே இல்ல."

"அப்ப அடுத்த மாசம் வரட்டா சித்தி?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவன்தான் வேண்டாங்கான்."

"யாரு?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன்டி. அக்கால்லா, வரட்டும்னு கெஞ்சக்கூட செஞ்சேன். இந்தா, நீயே கேளு."

மறுமுனையில் சின்ன மூச்சு கேட்டது.

"தம்பி, அக்கா வரட்டா?"

"எதுக்கு?"

"உன்னைப் பாக்க."

ஈனோக் யோசித்தான். கோபம் எதுவும் இல்லாமல், உதவும் குரலில் சொன்னான்.

"அதான் எடுத்துட்டியேக்கா. அதைப் பாரு."