தோப்புக்கு மேலே புடவைகள்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஜெனிஃபரின் ஊர் ஏரி இருக்கிறது. அன்று அதை ஆய்வு செய்ய வந்த பொறியாளர் விஜயகுமாரியின் பின்னாலேயே அவளும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“குறைந்த ஆபத்து வகுப்பு” என்று அவர் சொன்னதும் ஜெனிஃபர் ஒரு குதி குதித்தாள்.

“அப்போ கரை ஒடையாதா மேடம்?”

“அது வேற கணக்கும்மா. உடைஞ்சா கீழே யாருக்கு என்ன ஆகும்னு பார்த்துக் கொடுக்கிற வகுப்பு இது. கீழே வெறும் சவுக்குத் தோப்புதானே!”

ஜெனிஃபர் தோப்புப் பக்கம் கை நீட்டினாள்.

“தோப்புக்குப் பின்னால எங்க வூடு கீது மேடம்! நெறைய வூடு கீது!”

“வரைபடத்துல இல்லையே. வீடுகள் இருந்தா உயர்ந்த வகுப்பு. மழை நேரத்துல கரைக்குக் காவல், எச்சரிக்கைச் சங்கு எல்லாம் வரும்.”

“தோப்புக் காவல் குடிசையா இருக்கும் மேடம்” என்றார் உடன் வந்த ஜீப் டிரைவர். இருவரும் மதகைப் பார்க்க நடந்தார்கள்.

போன மழையில் ஏரி வழிந்து, தண்ணீர் கட்டில்வரை ஏறியது. முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் வரவில்லை. ஜெனிஃபரின் ஆட்டுக்குட்டி அன்று போனதுதான். இந்த மழையில் யார் போவார்களோ?

அவள் வீட்டுக்கு ஓடினாள்.

“உடு ஜெனி. நம்மள யாரு என்னிக்குக் கண்டுகினாங்க?” என்றாள் அம்மா, கொடியில் காய்ந்த துணியை எடுத்தபடி.

ஜெனிஃபர் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சிவப்புப் புடவை!

“யம்மா, இத்தக் குடு!”

“ஐயோ, நல்ல பொடவடி!”

“அதான் வோணும். கரையிலேர்ந்து தெரியணும்!”

தோப்போரம் வெட்டிப் போட்ட நீளமான சவுக்குக் கழிகள் கிடந்தன. பிள்ளைகள் வீடு வீடாக ஓடிப் புடவை வாங்கினார்கள். புடவை கட்டிய கழி வீட்டுக்கு ஒன்றாகக் கூரைமேல், மரங்களையும் தாண்டி நின்றது. பக்கத்து வீட்டு ஜோஷ்வாவுக்குப் புடவை கிடைக்கவில்லை. அப்பாவின் லுங்கியைக் கட்டினான்.

காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. கரைமேல் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

“போச்சு” என்று ஜெனிஃபர் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து விஜயகுமாரி வந்தார். ஜீப்பைச் சாலை வழியாக வரச் சொல்லிவிட்டு, அவர் தோப்புக்குள் நடந்தே வந்திருந்தார்.

“வீட்டுக்கு ஒண்ணா?” என்றார் அண்ணாந்து பார்த்தபடி.

“ஆமா மேடம். அந்த லுங்கியும் ஒரு வூடுதான்.”

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினார். “மன்னிச்சிடும்மா, இறங்கி வந்து பார்த்திருக்கணும்” என்று சொல்லி, ‘உயர்ந்த ஆபத்து’ என்று மாற்றி எழுதினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“ஆபத்துன்னு எழுதுறாங்க, கை தட்றீங்களே! கரை ஒடையாதாமா?” என்றாள் அம்மா.

“அப்படி யாரும் சொல்லலம்மா. ஒடையற மாதிரி இருந்தா இந்த வாட்டி நம்மளக் கூப்புடுவாங்க” என்றாள் ஜெனிஃபர்.

தூறல் விழுந்தது. நல்ல புடவை நனைவதை அம்மா பார்த்தாள். அவிழ்க்கச் சொல்லவில்லை.